கட்டாத கோபுரத்தைக் கட்டுவது: ஐரோப்பியக் கட்டடங்களைப் படமெடுத்து மாற்றுவதற்கு ஒரு வழிகாட்டி

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்துக்கு ஒரே ஒரு கோபுரம்தான். வடக்குப் பக்கக் கோபுரம் 142 மீட்டர் உயரம், 1439-இல் கட்டி முடித்தார்கள். தெற்குப் பக்கம் 66 மீட்டரில் மொட்டை மாடி போல ஒரு தளத்தோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் யாரும் கட்டவில்லை. முகப்பைப் பார்க்கிற எல்லோருக்கும் அந்த வெற்றிடம் கண்ணில் படும். அங்கே ஒரு கோபுரம் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்பதைப் படத்தில் செய்து பார்க்க முடியும், செய்ததே தெரியாத அளவுக்குச் செய்ய முடியும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி. அதைச் சுற்றி, ஐரோப்பியக் கட்டடங்களை எடுக்கும்போதும் எடிட் செய்யும்போதும் எனக்கு உதவுகிற மற்ற விஷயங்களையும் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. என்ன மாற்றப் போகிறோம் என்று கேமராவை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்த படங்களில் வெளிச்சம் ஒரு பக்கமும் கோணம் ஒரு பக்கமும் இழுக்கும், எந்த மென்பொருளாலும் அதை முழுசாகச் சரி செய்ய முடியாது. நிற்கிற இடம், நேரம், லென்ஸ் இந்த மூன்றும் சரியாக இருந்தால் எடிட்டிங் ஒரு மாலை வேலை. இல்லையென்றால் வாரக்கணக்கில் உட்கார்ந்தாலும் படம் பொய்யாகவே தெரியும்.

எப்போது போவது

பழைய தேவாலயங்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும். பீடம் கிழக்கில், முக்கியமான வாசலும் முகப்பும் மேற்கில். அதனால் காலையில் முகப்பு நிழலில் இருக்கும், மதியத்துக்குப் பிறகுதான் வெயில் வந்து சிற்பங்களைத் தொடும். காலை எட்டு மணிக்கே கூட்டம் இல்லாத நேரம் என்று போய் நின்று, மங்கலான முகப்பையும் அதன் பின்னால் வெளுத்துப் போன வானத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் ரொம்பப் பேர். காலையில் பின்பக்கம் போங்கள். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை ரைன் நதிக்கு அக்கரையில், டொய்ட்ஸ் கரையிலிருந்து எடுத்தால் நமக்குத் தெரிவது கிழக்குப் பக்கம், அது காலை வெயிலுக்கு உரியது. அதே இடத்தில் மாலையில் நின்றால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கும், நிழலுருவமும், அது முடிந்த பிறகு நீல வானமும் பாலத்து விளக்குகளும் கிடைக்கும். இரண்டும் நல்ல படங்கள்தான், ஆனால் வேறு வேறு படங்கள்.

வடக்குச் சுவர்களுக்குக் கோடையில் அதிகாலையிலும் சாயங்காலக் கடைசியிலும் மட்டும் கொஞ்சம் வெயில் விழும், மற்றபடி வருஷம் முழுக்க நிழல்தான். அங்கே வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், அங்கே சூரியன் நம் ஊர் போல் தலைக்கு மேல் வருவதே கிடையாது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் டிசம்பர் மாதம் நடுப்பகலில்கூட அடிவானத்திலிருந்து 18 டிகிரிக்குத்தான் ஏறும். நாள் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம், கல் வேலைப்பாடுகளுக்கு அருமையானது, ஆனால் நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அதற்குப் பிறகும் வானம் இருட்ட வெகு நேரம் பிடிக்கும்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை மரங்களில் இலை இருக்காது என்பதைச் சுற்றுலா போகிறவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பாரிஸின் அகன்ற சாலைகளில் கோடையில் முதல் மூன்று மாடிகள் மரங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். குளிர்காலத்தில் மொத்த முகப்பும் திறந்து கிடக்கும். போதாக்குறைக்கு, குளிர்கால வானம் பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும். போஸ்ட்கார்டு படம் வேண்டுமென்றால் அது ஏமாற்றம். வெட்டி ஒட்டி மாற்றப் போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல வெளிச்சம் வேறு இல்லை. நிழல் எந்தப் பக்கமும் விழாததால் ஒரு கட்டடத்தின் துண்டை இன்னொன்றில் ஒட்டினாலும் சண்டை போடாது, இடது வலது திருப்பிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

சாயாமல் எடுப்பது

உயரமான கட்டடத்தைக் கீழே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால் சுவர்கள் உள்ளே சாய்ந்து, கட்டடம் பின்னால் விழுகிற மாதிரி தெரியும். லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம், சென்சார் சுவருக்கு இணையாக இல்லாததுதான் காரணம். கேமராவை மட்டமாகப் பிடித்தால் சுவர்கள் தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராக நிற்கும். அப்படிப் பிடிக்கும்போது படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரைதான் இருக்கும், மேலே கோபுரம் வெட்டுப்படும். அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன: பின்னால் போகலாம், உயரமான இடத்துக்கு ஏறலாம், ஷிஃப்ட் லென்ஸ் வாங்கலாம், இல்லையென்றால் ரொம்ப அகலமான லென்ஸில் நெடுவாட்டில் எடுத்துவிட்டுக் கீழே வருகிற தரையை வெட்டி எறியலாம். இப்போதைய கேமராக்களில் பிக்சலுக்குப் பஞ்சமில்லை, அதனால் கடைசி வழி பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஃபோனில் எடுப்பவர்களும் இதைச் செய்யலாம்: அகலமான லென்ஸைத் தேர்ந்து, திரையில் கட்டக்கோடுகளையும் மட்டம் காட்டுவதையும் போட்டுக்கொண்டு எடுங்கள்.

ஷிஃப்ட் லென்ஸ் என்பது லென்ஸை மட்டும் மேலே நகர்த்துகிற பழைய யோசனைதான். ஒரு நூற்றாண்டுக்கு முன் பாரிஸை எடுத்த யூஜீன் அட்ஜே தன் மரக் கேமராவில் லென்ஸை ரொம்ப மேலே ஏற்றியதால் அவருடைய பல படங்களில் மேல் மூலைகள் வளைவாகக் கறுத்திருக்கும். சுவர்கள் மட்டும் நேராக நிற்கும்.

மென்பொருளில் நிமிர்த்துவதென்றால் லைட்ரூமில் டிரான்ஸ்ஃபார்ம் பகுதியில் கைடட் என்று ஒன்று இருக்கிறது. நேராக நிற்க வேண்டிய இரண்டு கோடுகளையும் கிடையாக இருக்க வேண்டிய இரண்டு கோடுகளையும் நீங்களே இழுத்துக் காட்டலாம். ஆட்டோவை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். இலவசமாக வேண்டுமென்றால் டார்க்டேபிளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, ஃபோனில் ஸ்னாப்சீட் போதும். நிமிர்த்திய பிறகு இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உயரமும் அகலமும் விகிதம் மாறியிருக்கும், வட்டமான சன்னல் முட்டை வடிவமாகிவிட்டதா என்று பார்த்து ஆஸ்பெக்ட் ஸ்லைடரால் திருத்துங்கள். கோதிக் என்கிற இடைக்காலப் பாணி முகப்புகளில் ரோஜாச் சன்னல் என்கிற பெரிய வட்டம் இருக்கும், அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. இரண்டு, ரொம்ப அண்ணாந்து எடுத்த படத்தை நூறு சதவீதம் நிமிர்த்தாதீர்கள். கண் கொஞ்சம் சாய்வை எதிர்பார்க்கிறது. முழுக்க நிமிர்த்தினால் கோபுரத்தின் தலை வீங்கி நம் மேல் கவிழ வருகிற மாதிரி ஆகிவிடும். எண்பது, தொண்ணூறு சதவீதத்தில் விட்டுவிடுங்கள்.

எது உண்மையிலேயே சாய்ந்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பைசா கோபுரத்தை ஆட்டோவில் விட்டால் மென்பொருள் அதை நிமிர்த்தப் பார்த்து, பக்கத்திலிருக்கும் பேராலயத்தைச் சாய்த்துவிடும். கோடுகளைப் பேராலயத்துச் சுவரில் இழுங்கள். கோபுரம் தன் நாலு டிகிரிச் சாய்வோடு அப்படியே இருக்கட்டும். இத்தாலியின் பொலோன்யா நகரத்து இரட்டைக் கோபுரங்களில் குட்டையான கரிசெந்தாவும் அதே அளவு சாய்ந்ததுதான். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரை வீடுகள் பல, தெருப் பக்கமாக வேண்டுமென்றே முன்னால் சாய்த்துக் கட்டப்பட்டவை, உச்சியிலிருக்கும் உத்தரத்தில் கயிறு கட்டிச் சாமான்களை மேலே தூக்கும்போது சுவரில் இடிக்காமல் இருப்பதற்காக. பக்கவாட்டில் எடுக்கும்போது அந்தச் சாய்வை நிமிர்த்தினால் வீட்டின் கதையையே அழித்த மாதிரி.

கூட்டத்தை எடுத்துவிடுவது

இது பலருக்கு மாயம் மாதிரி தெரியும், ஆனால் வெறும் கணக்குதான். கேமராவை முக்காலியில் நிறுத்தி, எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) கையால் பூட்டிவிட்டு, பதினைந்து இருபது வினாடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பதினைந்து படம் எடுங்கள். போட்டோஷாப்பில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் லேயர்களாக, அதாவது அடுக்குகளாக, ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தச் செய்து, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி, ஸ்டாக் மோடில் மீடியன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எல்லாப் படங்களின் நடு மதிப்பை அது எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் பாதிக்கு மேற்பட்ட படங்களில் வெறும் தரை இருந்தால் தரைதான் மிஞ்சும், நடந்து போனவர்கள் எல்லோரும் காணாமல் போவார்கள். ஒரே இடத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டே இருக்கிற குழு மட்டும் மிஞ்சும், அவர்கள் நகர்கிற வரை எடுத்துக்கொண்டே இருங்கள். ஜிம்ப் வைத்திருப்பவர்கள் ஜி'மிக் என்ற இலவசத் துணைநிரலைப் போட்டால் இதே மீடியன் அதில் உண்டு. முக்காலிக்கு அனுமதி இல்லாத இடத்தில் ஒரு சுவரில் சாய்ந்து கையிலேயே எடுத்தாலும் மென்பொருள் ஓரளவு பொருத்திக்கொடுக்கும், ஓரங்களில் கொஞ்சம் வெட்டுப்படும், அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரையும் நீக்கிவிடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். 157 மீட்டர் கொலோன் கோபுரத்தின் அடியில் ஒரே ஒரு ஆள் நடந்து போனால்தான் அது எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவர்களுக்கு உறைக்கும். பதினைந்து படத்தில் எதிலாவது நல்ல இடத்தில் தனியாக நடக்கிற ஒருவர் இருப்பார், அந்த லேயரில் மாஸ்க் போட்டு, அதாவது மற்றதை மறைத்து அவரை மட்டும் தெரியவிட்டு, திரும்பக் கொண்டுவாருங்கள்.

உள்ளே போனால்

உள்ளே பெரும்பாலும் முக்காலி கூடாது, ஃபிளாஷ் கூடாது, வழிபாடு நடக்கும்போது கேமராவே கூடாது. வாட்டிகனின் சிஸ்டைன் தேவாலயத்தில் படமெடுக்கவே தடை. வண்ணக் கண்ணாடிச் சன்னல்தான் முக்கியம் என்றால் வெளிச்சத்தைக் கண்ணாடிக்கு அளந்து எடுங்கள், சுவர் இருட்டாகட்டும். சுவரும் வேண்டுமென்றால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) மூன்று படம் எடுத்து, கண்ணாடியை இருட்டான படத்திலிருந்தும் சுவரை வெளிச்சமான படத்திலிருந்தும் மாஸ்க் மூலம் சேருங்கள். தானாகச் சேர்க்கிற எச்டிஆர், நிழல் எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். கொலோன் பேராலயத்தின் தெற்குச் சன்னல் ஓவியர் கெர்ஹார்ட் ரிஷ்டர் வடிவமைத்தது, 2007-இல் வைத்தார்கள், 72 நிறங்களில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்கள். வெயில் உள்ளே வரும்போது தரையில் நிறம் நிறமாக விழும். ஆட்டோ அந்த நிறங்களை எல்லாம் தவறென்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். 5,500 கெல்வின் போல ஒன்றில் பூட்டிவிட்டு ரா ஃபைலாக, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக, எடுங்கள்.

இரண்டாவது கோபுரம்

சரி, ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு வருவோம். முகப்புக்கு நேர் எதிரே இருக்கும் மெர்சியேர் தெரு குறுகலானது, அங்கிருந்து எடுத்தால் மரச்சட்ட வீடுகள் இரண்டு பக்கமும் சட்டம் கட்டினாற்போல் அழகாக வரும், ஆனால் கோபுரத்தின் மேல்பகுதி குறுகிச் சப்பையாகத் தெரியும். வெட்டி ஒட்டுவதற்கு அந்தக் கோணம் உதவாது. ஊரின் மேற்கில் ஈல் ஆற்றின் குறுக்கே பராஜ் வொபான் என்ற 17ஆம் நூற்றாண்டு அணை இருக்கிறது, அதன் மேல் நீளமான ஒரு பார்வைத் தளம். அங்கிருந்து பேராலயம் சுமார் ஒரு கிலோமீட்டர், கிட்டத்தட்ட முகப்புக்கு நேர் எதிரே. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது 142 மீட்டர் உச்சிகூடக் கண் மட்டத்திலிருந்து எட்டு டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அதனால் சாய்வும் குறுகலும் இருக்காது. முழு ஃபிரேம் கேமரா என்றால் 200 மில்லிமீட்டர் லென்ஸில் நெடுவாட்டிலோ, 100-இல் படுக்கைவாட்டிலோ கோபுரம் முழுக்க அடங்கும். எஃப் 8, குறைந்த ஐஎஸ்ஓ, ஃபோகஸ் கோபுரத்தின் மேல்.

நேரம் முக்கியம். மதியம் தெற்கே சூரியன் நிற்கும்போது எடுத்தால், நீங்கள் புதிதாகக் கட்டப்போகிற தெற்குக் கோபுரத்தின் நிழல் வடக்குக் கோபுரத்தின் மேல் விழுந்தாக வேண்டும். இல்லாத கோபுரத்துக்கு நிழலும் இருக்காது, பார்க்கிறவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. சாயங்காலம் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும்போது எடுங்கள், அப்போது இரண்டு கோபுரங்களின் நிழலும் பின்னால் போய்விடும். அல்லது மேகம் மூடிய நாள்.

இப்போது நுணுக்கமான விஷயம். இருக்கிற கோபுரத்தையே நகலெடுத்து வலது பக்கம் ஒட்டினால் இரண்டும் அச்சு அசலாக ஒரே கோணத்தில் நிற்கும். உண்மையில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பொருள்களை ஒரே இடத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் வேறு கோணத்தில்தான் பார்ப்போம். அதனால் முதல் படத்தை எடுத்துவிட்டு, அதே தளத்தில் இடது பக்கமாக முப்பது நாற்பது தப்படி நகர்ந்து, அதாவது இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் இருக்கப்போகிற தூரம் அளவுக்கு நகர்ந்து, கோபுரத்தை இன்னொரு முறை எடுங்கள். அந்தப் படத்தில் கோபுரம் எப்படித் தெரிகிறதோ, முதல் இடத்திலிருந்து பார்த்தால் புதிய கோபுரம் அப்படித்தான் தெரியும். லென்ஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் எதையும் இதற்கிடையில் தொடாதீர்கள், ஐந்து நிமிஷத்துக்குள் இரண்டையும் முடித்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் முதல் வேலை கோபுரத்தை வானத்திலிருந்து பிரிப்பது. ஸ்ட்ராஸ்பூர்க் கோபுரத்தின் கூர்முனை கல்லில் பின்னிய வலை மாதிரி, உள்ளே ஓட்டை ஓட்டையாக வானம் தெரியும். அதைக் கையால் வரைந்து வெட்ட முடியாது, தானாகத் தேர்ந்தெடுக்கிற கருவிகளும் பாதி ஓட்டைகளை விட்டுவிடும். அதற்குச் சேனல்தான் வழி, அதாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் அடுக்குகள். இந்தக் கட்டடம் வோஜ் மலைகளின் இளஞ்சிவப்பு மணற்கல்லால் ஆனது, அந்தக் கல்லில் நீலம் குறைவு. வானத்தில் நீலம் அதிகம். சேனல் பட்டியலில் நீலத்தை மட்டும் பார்த்தால் கல் கறுப்பாகவும் வானம் வெளுப்பாகவும் இருக்கும். அந்தச் சேனலை நகலெடுத்து, லெவல்ஸில் இரண்டு முனைகளையும் உள்ளே தள்ளிக் கல்லை முழுக் கறுப்பாக்கி வானத்தை முழு வெள்ளையாக்குங்கள், ஆனால் ஓரங்களில் ஒரு நூல் அளவு சாம்பல் விட்டுவையுங்கள். கோபுரத்துக்குள் தப்பித் தெரியும் வெள்ளைப் புள்ளிகளைக் கறுப்புப் பிரஷ்ஷால் நிரப்பி, தலைகீழாக்கி, அதையே மாஸ்க்காகப் போடுங்கள். ஓட்டைக்குள் இருக்கும் வானம் உட்படச் சுத்தமாக வெளியே வந்துவிடும்.

இரண்டாவது வேலை இடம் வைப்பது. ரோஜாச் சன்னலின் மையத்தில் ஒரு நெடுக்கு வழிகாட்டிக் கோடு, வடக்குக் கோபுரத்தின் உச்சியில் இன்னொன்று. அந்த இடைவெளியை அப்படியே வலது பக்கம் அளந்து மூன்றாவது கோடு போடுங்கள். 66 மீட்டர் தளம் இருக்கும் மட்டத்தில் ஒரு கிடைக்கோடு. இரண்டாவது படத்திலிருந்து வெட்டிய கோபுரத்தில் அந்தத் தளத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் எடுத்து, உச்சி மூன்றாவது கோட்டிலும் அடி கிடைக்கோட்டிலும் உட்காரும்படி வையுங்கள். இடது வலது திருப்பாதீர்கள். கோபுரம் எண்கோண வடிவம், எந்தப் பக்கமிருந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும், திருப்பினால் வெயில் விழும் பக்கம்தான் மாறிப் போகும். தளத்தின் மேல் பழைய காவலர் வீடு ஒன்று இருக்கிறது, புதிய கோபுரத்தின் அடிப்பாகம் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும், வெளியே துருத்தும் மிச்சத்தை குளோன் ஸ்டாம்பால் எடுங்கள்.

ஒட்டு தெரியும் இடம் அடிப்பாகம்தான். அங்கே கைப்பிடிச் சுவரின் கிடைக்கோடு ஒன்று ஓடுகிறது, மாஸ்க்கின் ஓரத்தை அதன் மேலேயே வையுங்கள். கல்லில் ஏற்கெனவே ஒரு கோடு இருக்கும் இடத்தில் ஒட்டினால் கண் அதைக் கட்டடத்தின் கோடென்றே எடுத்துக்கொள்ளும். பிறகு கீழே இருப்பதை இருட்டாக்குகிற மல்டிப்ளை லேயர் ஒன்றில், மெல்லிய பிரஷ்ஷால், கோபுரம் தளத்தில் உட்காரும் மூலைகளில் கொஞ்சம் இருட்டைச் சேருங்கள். அதைச் செய்யும்வரை கோபுரம் மிதக்கும், செய்தவுடன் உட்கார்ந்துவிடும். கடைசியாக, ஒரே கறை இரண்டு கோபுரத்திலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று நூறு சதவீத அளவில் பார்த்து, புதியதில் நாலைந்து இடத்தில் கறைகளை மாற்றுங்கள். கல்லைப் புத்தம்புதிதாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

ஆற்று நீர் படத்தில் வந்து அதில் பேராலயத்தின் பிம்பமும் தெரிந்தால் பிம்பத்திலும் கோபுரம் வேண்டும்.

மாடி மேல் மாடி

கோபுரம் கைவந்தால் அடுத்துப் பாரிஸ் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1853 முதல் 1870 வரை, நகரத்தை மாற்றியமைத்த அதிகாரி ஒஸ்மானின் நிர்வாகத்தில் திறந்த சாலைகளில் ஒரே சுண்ணாம்புக் கல், ஒரே உயரக் கோடு, துத்தநாகக் கூரை என்று வரிசையாக வீடுகள். ஒரு சன்னலும் அதன் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்த ஒரு பத்தியை, சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடு வரை வெட்டி எடுத்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம். எதிர்ப்பக்கம் இரண்டாவது மாடி சன்னலோ படிக்கட்டோ கிடைத்தால் அங்கிருந்து, 50 முதல் 85 மில்லிமீட்டர் லென்ஸில், சுவருக்கு இணையாக நின்று எடுங்கள். மூலை, வாசல், கூரை, புகைபோக்கி எல்லாம் தனித்தனியாக.

அந்தக் கட்டடத்தின் இலக்கணம் தெரியாமல் அடுக்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒஸ்மான் கால வீடுகளில் நீளமான பால்கனி வழக்கமாக இரண்டாவது மாடியிலும் ஐந்தாவது மாடியிலும்தான் ஓடும், மேலே போகப் போகச் சன்னல்களின் உயரமும் குறையும். பன்னிரண்டு மாடி வீடு செய்கிறேன் என்று எல்லா மாடியிலும் பால்கனி ஒட்டினால் ஓட்டல் மாதிரி ஆகிவிடும். நீட்டப் போகிறீர்கள் என்றால் மூன்றாவது நான்காவது மாடிகளைத் திரும்பத் திரும்ப அடுக்கி, ஐந்தாவது மாடிப் பால்கனியைக் கூரைக்குக் கீழே கடைசியில் வையுங்கள். சன்னல் கதவுகளில் சிலதை மூடி, சிலதைத் திறந்து, திரைச்சீலைகளை மாற்றிப் போடுங்கள். ஒட்டுகளை மழைத்தண்ணீர் குழாய்களின் ஓரத்தில் ஒளியுங்கள். பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் ஃபிலிப் துயார்டின் என்ற கலைஞர் இந்த வழியில்தான் உண்மையான கட்டடங்களின் துண்டுகளைச் சேர்த்து நிஜத்தில் இல்லாத கட்டடங்களை உருவாக்கினார். அவருடைய படங்களைத் தேடிப் பாருங்கள், வெளிச்சத்தை அவர் எவ்வளவு சீராக வைத்திருக்கிறார் என்பதைக் கவனித்தாலே பாதி பாடம் கிடைக்கும். ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி பாரிஸின் மோன்பர்னாஸில் ஒரு நீளமான அடுக்குமாடிக் குடியிருப்பை 1993-இல் இரண்டு இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்தார், எந்த ஒரு இடத்தில் நின்றாலும் அந்தக் காட்சி கிடைக்காது. ஒட்டுவது கம்ப்யூட்டரோடு வந்த பழக்கமும் இல்லை. புகைப்படக் கலைஞர் எதுவார் பால்டுஸ் 1851-இல் தெற்கு பிரான்ஸின் ஆர்ல் ஊரில் ஒரு மடத்துத் தாழ்வாரத்தைப் பல நெகட்டிவ்களை வெட்டிச் சேர்த்துத்தான் ஒரே படமாக்கினார்.

சாரம், கிரேன், வானம், ஏஐ

பெரிய தேவாலயங்களில் எங்காவது ஒரு மூலையில் சாரம் கட்டியிருப்பார்கள். இரட்டைக் கோபுரமென்றால் ஒன்றை எடுத்து மற்றதன் மேல் போட்டுச் சாரத்தை மறைக்க ஆசை வரும். கொலோனில் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அது எடுபடும். பிரான்ஸின் சார்த்தர் பேராலயத்தில் நடக்கவே நடக்காது, அங்கே ஒரு கோபுரம் 12ஆம் நூற்றாண்டுக் கூம்பு, மற்றதன் உச்சி 16ஆம் நூற்றாண்டுப் பின்னல் வேலை. கிரேனை நீக்குவது எளிது, வானத்தில் நிற்பதால். ஆனால் கொலோனில் முடிக்காமல் விட்ட தெற்குக் கோபுரத்தின் மேல் ஒரு மரக் கிரேன் ஏறக்குறைய 400 வருஷம் நின்றது, 1868-இல்தான் இறக்கினார்கள், ஊரின் பழைய ஓவியங்களில் எல்லாம் அது இருக்கிறது. அதனால் கிரேனைத் துடைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

வானத்தை மாற்றுகிறவர்கள் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பார்த்து மாற்றுங்கள், நிழல் இல்லாத சுவருக்குப் பின்னால் அந்திச் செவ்வானம் வைத்தால் ஒட்டாது. புது வானத்தை ஏறக்குறைய அதே லென்ஸ் அளவில் எடுத்திருக்க வேண்டும். ஜெனரேட்டிவ் ஃபில் போன்ற ஏஐ கருவிகளைக் குப்பைத் தொட்டி, சாலைக் கோடு, நிறுத்தியிருக்கும் வண்டி இவற்றுக்குப் பயன்படுத்துங்கள், நன்றாகவே செய்யும். சிற்பங்களையும் சன்னல் வேலைப்பாடுகளையும் அதனிடம் கொடுக்காதீர்கள். புனிதர்களின் முகம் மெழுகு மாதிரி உருகும், வளைவுகளின் எண்ணிக்கை மாறும், ஒரு கொத்தனார் மாதக்கணக்கில் செதுக்கிய இலை எதுவுமில்லாத ஒரு குழைவாகிவிடும்.

சட்டமும் குறிப்பும்

பழைய பேராலயங்களின் வடிவமைப்புக்குக் காப்புரிமை கிடையாது. புதிய கட்டடங்களுக்கு உண்டு, கட்டடக் கலைஞர் இறந்து 70 வருஷம் வரை. ல கொர்புசியே 1965-இல் இறந்தார், ஆகவே அவர் வடிவமைத்த ரோன்ஷாம் தேவாலயம் 2035 முடியும்வரை காப்புரிமையில் இருக்கும், பிரான்ஸில் அதன் படத்தை விற்க அனுமதி வேண்டும். ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம், 1985-இல் வந்த இரவு விளக்கமைப்பு தனிப் படைப்பு, வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்க வேண்டும். ஜெர்மனியில் பொதுத் தெருவில் நின்று எடுத்தால் விற்கலாம், பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எடுத்தால் அந்தச் சலுகை இல்லை, 2024-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு டிரோன் படங்களுக்கும் இல்லை. இத்தாலியில் கட்டடம் எவ்வளவு பழையதானாலும் வியாபார நோக்கத்துக்கு அனுமதி கேட்கச் சொல்கிறது அவர்களுடைய பண்பாட்டுச் சொத்துச் சட்டம். வீட்டில் மாட்டவோ நண்பர்களுக்குக் காட்டவோ இதெல்லாம் கவலை இல்லை.

மாற்றிய படத்தில் மாற்றியிருக்கிறேன் என்று எழுதுங்கள், படத்தின் கீழே ஒரு வரியும், ஃபைலின் விவரக்குறிப்பில் ஒரு வரியும். "ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயம், தெற்குக் கோபுரம் கற்பனை" என்றால் போதும். ஃபைலின் பெயரிலேயே அதைச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் படம் பகிரப்பட்டுப் பகிரப்பட்டுக் குறிப்பு உதிர்ந்துவிடும், யாரோ ஒரு மாணவர் அதைத் தன் கட்டுரையில் உண்மையென்று போட்டுவிடுவார். விக்கிமீடியா காமன்ஸ் போன்ற பொதுத் தொகுப்புகளுக்கு மாற்றாத மூலப் படத்தைக் கொடுங்கள். லேயர்களோடு கூடிய பிஎஸ்டி ஃபைலையும் ரா ஃபைல்களையும் தனியாக ஒரு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள், எதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டால் மாஸ்க்கை அணைத்துக் காட்டிவிடலாம்.